வாட்சில் இடம் இருக்கிறது, பாட்டுதான் ஏறவில்லை

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு ஓடப் போகலாம் என்ற ஆசையில் 32 ஜிபி நினைவகம் உள்ள ஸ்மார்ட்வாட்ச் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். இருநூறு பாடல்களை ஏற்ற முயன்றால் மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. காலையில் பார்த்தால் பாதிதான் ஏறியிருக்கிறது. ஏறிய பாடல்களும் ஓடும்போது விட்டுவிட்டுக் கேட்கின்றன. வாட்ச் பழுதா, கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள்.

பெரும்பாலும் பழுதில்லை. மாற்றி வாங்கினாலும் புதியதும் இதையேதான் செய்யும். வாட்ச் விற்பவர்கள் நினைவகத்தின் அளவைப் பெட்டிமேல் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அந்த நினைவகத்துக்குள் பாட்டு எந்த வழியாகப் போய்ச் சேரும் என்பதை எங்கும் எழுதுவதில்லை. பாட்டு ஏறாத தொல்லை முழுவதும் அந்த வழியில்தான் இருக்கிறது.

கணக்குப் போட்டால் விளங்கிவிடும். 320 கேபிபிஎஸ், அதாவது நொடிக்கு 320 கிலோபிட், தரத்தில் உள்ள எம்பி3 பாட்டு நிமிடத்துக்கு 2.4 எம்பி பிடிக்கும். ஐந்து நிமிடப் பாட்டு என்றால் 12 எம்பி. இருநூறு பாட்டு 2.4 ஜிபி. உங்கள் 32 ஜிபியில் இது ஒரு மூலைக்குக் காணாது. ஆனால் இந்த 2.4 ஜிபியும் கைபேசியிலிருந்து வாட்சுக்குப் புளூடூத் வழியாகப் போகிறது. ஏட்டில் 3 மெகாபிட் வேகம் என்றெல்லாம் எழுதியிருந்தாலும், கைபேசிக்கும் வாட்சுக்கும் நடுவே நொடிக்கு 1 மெகாபிட் (எட்டு மெகாபிட் சேர்ந்தால்தான் ஒரு எம்பி) நிலையாகக் கிடைத்தாலே அது நல்ல வேகம். அந்த வேகத்தில் எல்லாப் பாட்டும் போய்ச் சேர ஐந்தேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவும் நடுவில் ஒருமுறைகூட இணைப்பு அறுபடாமல் இருந்தால். குறுஞ்செய்தி அறிவிப்பு, இதயத்துடிப்புக் கணக்கு, வானிலை எல்லாம் அதே புளூடூத்தில்தான் நெரிசலாகப் போய்வந்துகொண்டிருக்கின்றன. அதே 2.4 ஜிபியை வைஃபையில் நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

அப்படியானால் வைஃபையிலேயே அனுப்பித் தொலைக்க வேண்டியதுதானே என்று தோன்றும். வாட்சின் பேட்டரி நகக்கண் அளவு. வைஃபை அதை உறிஞ்சிவிடும் என்பதால், கைபேசி புளூடூத்தில் எட்டும் தூரத்தில் இருக்கும்வரை வாட்ச் புளூடூத்தையே பிடித்துக்கொண்டிருக்கும்படி மென்பொருளை எழுதிவைத்திருக்கிறார்கள். நாள் முழுவதும் கையில் கட்டியிருக்கும்போது அது சரியான முடிவு. இரவில் சார்ஜரில் கிடக்கும்போதும் அதே விதியைப் பிடித்துக்கொண்டு தொங்குவதுதான் எரிச்சல். பக்கத்தில் வைஃபை ரூட்டர் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். வாட்சோ புளூடூத்தில் சொட்டுச் சொட்டாகப் பாட்டை வாங்கிக்கொண்டிருக்கும்.

இதில் வரலாற்று வேடிக்கை ஒன்றும் உண்டு. 2010-இல் ஆப்பிள் வெளியிட்ட சதுர வடிவ ஐபாட் நானோவுக்கு 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு அளவுகள். அளவில் சின்னதாக இருந்ததால் பலர் அதற்குப் பட்டை வாங்கி மாட்டிக் கையில் கட்டிக்கொண்டார்கள். கணினியில் கேபிளைச் செருகினால் சில நிமிடங்களில் பாட்டு ஏறிவிடும். இயர்போன் கம்பியை நேராக அதிலேயே செருகிக்கொள்ளலாம். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2015-இல், அசல் ஆப்பிள் வாட்ச் வந்தது. மொத்த நினைவகம் 8 ஜிபி. அதில் பாட்டுக்கு 2 ஜிபிதான். கேபிளில் ஏற்ற வழியில்லை. புளூடூத் ஹெட்போன் இல்லாவிட்டால் கேட்கவும் வழியில்லை. பாட்டுப் பெட்டியைக் கைக்கடிகாரமாகக் கட்டிய காலத்தில் பாட்டு கேட்பது எளிதாக இருந்தது. கைக்கடிகாரத்துக்குள் பாட்டுப் பெட்டியை வைத்த பிறகு கடினமாகிவிட்டது. காரணம் தொழில்நுட்பத் தட்டுப்பாடு அல்ல. நானோ தனியாக வாழப் பிறந்த கருவி. வாட்ச் கைபேசியின் வால். தலை சொன்னால்தான் வால் ஆடும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. உங்களிடம் இருப்பது எந்த வாட்ச் என்று சொல்லவில்லை. ஆகவே ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

ஆப்பிள் வாட்ச் என்றால், வாட்சைச் சார்ஜரில் வைத்து ஐபோனைப் பக்கத்தில் வையுங்கள். இது ஆப்பிளே சொல்லும் முறை. அவர்கள் சொல்லாத ஒன்று, புளூடூத்தை அணைத்தால் வாட்ச் வேறு வழியின்றி வைஃபைக்கு மாறும் என்பது. ஆனால் திரையின் மேலிருந்து விரலால் இழுத்துவரும் கட்டுப்பாட்டுப் பலகையில் புளூடூத் சின்னத்தைத் தட்டினால் அது உண்மையில் அணைவதில்லை. மற்ற கருவிகளை விட்டுவிட்டு, வாட்ச் தொடர்பை மட்டும் அது கையில் பிடித்து வைத்துக்கொள்ளும். ‘அமைப்புகள்’ பகுதிக்குள் போய், புளூடூத் பக்கத்தைத் திறந்து, அங்கே அணைக்க வேண்டும். பலர் “அந்தத் தந்திரம் எனக்கு வேலை செய்யவில்லை” என்று சொல்வது இந்த இடத்தில் தவறுவதால்தான். ஐபோன் முன்பு சேர்ந்திருந்த வைஃபை வாட்சுக்கும் தானாகவே தெரியும். சீரிஸ் 6-க்கு முந்திய வாட்ச் என்றால் அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும். வீட்டு ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் போட்டு வைத்திருந்தால் தேடிக்கொண்டே கிடக்கும். பாட்டு ஏறி முடிந்ததும் புளூடூத்தை மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

அதே ஆப்பிள் வாட்சில் இன்னொரு தலைவலி, நீங்கள் கேட்காமலே வந்து உட்காரும் பாட்டுகள். ஆப்பிள் மியூசிக் சந்தா இருந்தால் உங்கள் ரசனைக்கேற்றவை என்று அது நினைக்கும் பட்டியல்களைத் தானே வாட்சுக்கு அனுப்பத் தொடங்கிவிடும். நீங்கள் தேர்ந்தெடுத்தவை அவற்றின் பின்னால் வரிசையில் நிற்கும். ஐபோனில் உள்ள வாட்ச் செயலியில் ‘மியூசிக்’ பக்கத்தைத் திறந்து, தானாகச் சேரும் பட்டியல்களை முதலில் அணைத்துவிட்டு, உங்கள் பிளேலிஸ்ட் ஒன்றை மட்டும் சேருங்கள். ஒன்று முழுதாக ஏறிய பிறகு அடுத்தது. ஒரே நேரத்தில் ஐந்தைச் சேர்த்தால் எது ஏறியது, எது பாதியில் நிற்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

சாம்சங் கேலக்ஸி வாட்ச் 4-உம் அதற்குப் பிந்தியவையும் போல, வேர் ஓஎஸ் என்ற கூகுளின் வாட்ச் மென்பொருளில் ஓடும் வாட்ச்களில் இரண்டு பாதைகள் உள்ளன. ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக் போன்ற செயலியை வாட்சிலேயே நிறுவி, வாட்ச் நேராக வைஃபையில் இறக்கிக்கொள்வது ஒன்று. சார்ஜரில் வைத்து, வைஃபையில் இணைத்து, கைபேசியின் புளூடூத்தைச் சற்று நேரம் அணைத்துவிட்டால் இந்தப் பாதை தடங்கலின்றி ஓடும். கைபேசியில் உள்ள சொந்த எம்பி3 கோப்புகளை வாட்சின் துணைச் செயலி மூலம் அனுப்புவது இரண்டாவது பாதை. பாதியில் நின்றுபோகும் நோய் பெரும்பாலும் இதில்தான் வரும். ஆண்ட்ராய்டு கைபேசிகள் பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று, திரை அணைந்து சிறிது நேரமானதும் பின்னணியில் ஓடும் செயலிகளின் கழுத்தை நெரித்துவிடும். நீங்கள் தூங்கப் போகிறீர்கள். கைபேசித் திரை அணைகிறது. துணைச் செயலி உயிரை விடுகிறது. பாட்டு அந்த இடத்திலேயே நிற்கிறது. காலையில் ‘200-இல் 87’ என்று வாட்ச் காட்டும். கைபேசியின் பேட்டரி அமைப்பில் அந்தத் துணைச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாடு வேண்டாம் என்று தேர்வுசெய்தால் இது பெருமளவு தீரும். உங்கள் ‘பாதிதான் ஏறுகிறது’ என்ற புகாருக்கு என் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

வேறு சில வாட்ச்கள் பாட்டு ஏற்றும் நேரத்துக்கு மட்டும் தாமே ஒரு ஹாட்ஸ்பாட் ஆகி, கைபேசியை அதில் சேரச் சொல்லும். யோசனை நல்லது, வேகமும் கிடைக்கும். ஆனால் அந்த ஹாட்ஸ்பாட்டில் இணையம் இல்லை என்று கண்ட கைபேசி, “இதில் இணைய வசதி இல்லை, தொடரவா?” என்று ஒரு சின்ன அறிவிப்பைக் காட்டிவிட்டு, நீங்கள் பதில் சொல்லாவிட்டால் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். உடனே இணைப்புத் தோல்வி. அந்த அறிவிப்பில் தொடரச் சொல்லித் தட்டுங்கள். இல்லையென்றால் ஏற்றி முடியும்வரை மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஹுவாவே வாட்ச் ஜிடி 2 போன்றவற்றில் ஆண்ட்ராய்டு கைபேசியிலிருந்து மட்டுமே பாட்டு ஏற்ற முடியும். 500 பாட்டு என்ற விளம்பர வரி ஐபோன்காரர்களுக்கு வெறும் வரி.

கார்மின் வாட்ச்களை நான் இந்த ஒரு காரணத்துக்காகவே விரும்புகிறேன்: சார்ஜ் செய்யும் கேபிளே தரவையும் கடத்தும். கணினியில் செருகி, வாட்சைத் திறந்து, மியூசிக் என்ற கோப்புறைக்குள் பாட்டுகளை இழுத்துப் போட்டால் முடிந்தது. விண்டோஸ் கணினியில் தொல்லையே இல்லை. மேக் கணினியில் செருகினால் வாட்ச் கண்ணிலேயே படாது. கோப்புகளைக் கடத்த அந்த வாட்ச்கள் பேசும் எம்டிபி என்ற முறை மேக்குக்குத் தானாகத் தெரியாது. கார்மின் எக்ஸ்பிரஸ் செயலியையோ, எம்டிபி தெரிந்த வேறொரு கோப்பு மாற்றும் செயலியையோ நிறுவ வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு செயலிகளைத் திறந்து வைக்காதீர்கள்; ஒன்று வாட்சைப் பிடித்துக்கொண்டால் மற்றதற்குத் தராது.

வைஃபை பற்றி ஒரு வார்த்தை. விடுதி, அலுவலகம், விமான நிலையம் போன்ற இடங்களில் இணைந்ததும் ஒரு பக்கம் திறந்து பெயரும் கடவுச்சொல்லும் கேட்குமே, அந்த வகை வைஃபையில் பெரும்பாலான வாட்ச்கள் நுழைய முடியாது. விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் நண்பர் ஒருவரின் கைபேசி ஹாட்ஸ்பாட்டைக் கேட்டு வாங்குவதுதான் வழி.

அடுத்தது சந்தா. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதை இங்கேதான் அதிகம். ஸ்பாட்டிஃபையில் இறக்கிய பாட்டு உங்கள் வாட்சில் கோப்பாக இருந்தாலும் அது உங்கள் பாட்டு அல்ல. பூட்டப்பட்ட கோப்பு, அந்தச் செயலியால் மட்டுமே திறக்க முடியும், சந்தா உயிரோடிருக்கிறதா என்று 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் கேட்டுக்கொள்ளும். பந்தயத்துக்கு முந்தின இரவு எல்லாம் சரியாக இருந்து, காலையில் தொடக்கக் கோட்டருகே பட்டியல் சாம்பல் நிறமாகிக் கிடந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். முக்கியமான ஓட்டத்துக்கு முதல் நாள் வாட்சை வைஃபையில் சேர்த்து, செயலியைத் திறந்து, ஒரு பாட்டையாவது ஓடவிட்டுப் பாருங்கள்.

சந்தா உயிரோடிருந்தாலும் செயலி உயிரோடிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. 2020 ஆகஸ்டில் கூகுள் தன் பிளே மியூசிக்கை வேர் ஓஎஸ் வாட்ச்களிலிருந்து எடுத்துவிட்டது. அதற்கு மாற்றான யூடியூப் மியூசிக் வாட்சுக்கு வந்தது 2021 ஆகஸ்டில், அதுவும் முதலில் அப்போது புதிதாக வந்த கேலக்ஸி வாட்ச் 4-க்கு. நடுவில் ஓர் ஆண்டுக் காலம் கூகுளின் சொந்த வாட்ச் மென்பொருளில் கூகுளின் சொந்தப் பாட்டுச் செயலி இல்லை. ஃபிட்பிட் கதை இன்னும் மோசம். 2017-இல் வந்த அயானிக் வாட்சை முந்நூறு பாட்டு கொள்ளும் என்று சொல்லி விற்றார்கள். கணினியிலிருந்து சொந்தப் பாடல்களை ஏற்றும் வசதியை 2022 அக்டோபரில் நிறுத்தினார்கள். டீசர், பண்டோரா என்ற இரண்டு சந்தாச் செயலிகளையும் 2023 மார்ச்சில் எடுத்தார்கள். நினைவகம் அப்படியே இருந்தது, ஏற்றும் வாசல்தான் அடைபட்டது. ஆகவே சந்தா மட்டுமே வாசலாக உள்ள வாட்சைப் பாட்டுக்காக வாங்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. சொந்தக் கோப்பை நீங்களே உள்ளே போட ஒரு வழி இருக்க வேண்டும்.

சொந்தக் கோப்பு என்றதும் நம் ஆட்களிடம் உள்ள எம்பி3 சேகரிப்பின் நிலவரத்தைப் பேச வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளாக இங்கிருந்தும் அங்கிருந்தும் சேர்த்தவை. ஒவ்வொரு கோப்புக்குள்ளும் பாடல் பெயர், பாடகர், தொகுப்பு என்று ஒரு சிறிய விவரச் சீட்டு உண்டு. அதில் பாடகர் என்ற இடத்தில் ஏதோ ஓர் இணையதளத்தின் பெயர் உட்கார்ந்திருக்கும். தொகுப்பு என்ற இடத்திலும் அதே பெயர். கைபேசியில் கோப்பின் பெயரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது தெரியாது. வாட்ச் கோப்பின் பெயரைப் பார்ப்பதில்லை, இந்தச் சீட்டைத்தான் பார்க்கிறது. இருநூறு பாட்டும் ஒரே ‘பாடகர்’ பெயரில், ஒரே ‘தொகுப்பில்’, வரிசை எண் இல்லாமல் குவிந்து கிடக்கும். ஓடிக்கொண்டே இரண்டு அங்குலத் திரையில் விரலால் தள்ளித் தள்ளி அதில் ஒன்றைத் தேட முடியுமா? கணினியில் எம்பி3டேக் போன்ற இலவச மென்பொருள் ஒன்றில் எல்லாக் கோப்பையும் மொத்தமாகத் திறந்து, ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டுச் சீட்டுகளைச் சரிசெய்யுங்கள். அப்படியே கோப்புக்குள் ஒட்டியிருக்கும் அட்டைப் படத்தையும் பாருங்கள். சில கோப்புகளில் படம் மட்டுமே ஒரு எம்பிக்கு மேல் இருக்கும். வாட்சில் அது ஒரு ரூபாய் நாணயம் அளவில்தான் தெரியப்போகிறது. எடுத்துவிட்டால் இடமும் மிச்சம், பட்டியலும் விரைவாகத் திறக்கும்.

தமிழில் பெயர் எழுதி வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் சோதனை. சில வாட்ச்களில் தமிழ் எழுத்துருவே கிடையாது. பட்டியல் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரியும். எழுத்துரு இருந்தும் எழுத்துகளைக் கோக்கத் தெரியாத வாட்ச்களும் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நிற்க வேண்டும். இந்த வாட்ச்களில் ‘க’ தனியாக நிற்க, கொம்பும் காலும் புள்ளி வட்டத்தோடு அதன் பின்னால் தொங்கும். இதற்கு நீங்கள் எதுவும் செய்ய முடியாது. முதலில் ஒரே ஒரு தமிழ்ப் பெயர் கொண்ட பாட்டை ஏற்றிப் பாருங்கள். சரியாகத் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் வாட்சுக்குப் போகும் நகல்களுக்கு மட்டும் ஆங்கில எழுத்தில் பெயர் வையுங்கள். மனசு கேட்காதுதான்.

பிளேலிஸ்டைக் கணினியில் தயாரிப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. எம்3யூ8 என்ற பட்டியல் கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தால் வரிக்கு ஒரு பாட்டின் முகவரி இருக்கும். அந்த வரி உங்கள் கணினியின் சி டிரைவில் தொடங்கினால் வாட்சில் அப்படி ஓர் இடமே இல்லை. பட்டியலின் பெயர் தெரியும், தட்டினால் உள்ளே காலியாக இருக்கும். முகவரியில் கோப்பின் பெயரை மட்டும் விட்டுவிட்டு மீதியை அழித்து, பட்டியலையும் பாட்டுகளையும் ஒரே கோப்புறையில் போட்டால் தீர்ந்தது.

தரத்தைப் பற்றி ரசிகர்கள் என்மேல் கோபப்படக்கூடும். ஃபிளாக் என்ற, தரம் குறையாத பெரிய கோப்புகளை வாட்சில் ஏற்றாதீர்கள். பல வாட்ச்கள் அவற்றைத் திறக்கவே மாட்டா. திறந்தாலும், வாட்சிலிருந்து காதுக்குப் போகும்போது புளூடூத் அதை மீண்டும் ஒருமுறை நசுக்கித்தான் அனுப்பும். எல்லாக் கருவிக்கும் பொதுவான எஸ்பிசி என்ற நசுக்கும் முறையில் அதிகபட்சம் ஏறத்தாழ 328 கேபிபிஎஸ். அதோடு மூச்சிரைப்பு, காற்று, பேருந்து ஹாரன். வாட்சுக்கென்று, எம்பி3 போன்ற இன்னொரு வகையான ஏஏசியில், 128 கேபிபிஎஸ் நகல் ஒன்று எடுத்துக்கொண்டால் ஐந்து நிமிடப் பாட்டு 5 எம்பிக்குள் அடங்கும். உங்கள் இருநூறும் ஒரு ஜிபிக்குள். ஏற்றும் நேரமும் பாதிக்கும் கீழே வந்துவிடும். கார்மின் ஃபோர்ரன்னர் 245 மியூசிக் வாட்சில் 500 பாட்டு வரை என்று எழுதியிருப்பார்கள். அதில் கிடைக்கும் ஏறத்தாழ மூன்றரை ஜிபியில் 320 கேபிபிஎஸ் பாட்டு என்றால் சுமார் முந்நூறுதான் கொள்ளும். 128 என்றால் எழுநூறைத் தாண்டும். பெட்டியில் உள்ள எண் இப்படி எந்தப் பக்கமும் நீளக்கூடியது.

கச்சேரிப் பதிவுகளை ஏற்றுபவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒரு மணி நேர ராகம் தானம் பல்லவி ஒரே கோப்பாக இருந்தால், பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடரும் வசதி பல வாட்ச்களின் பாட்டுப் பகுதியில் கிடையாது. ஆலாபனையின் முதல் நொடியிலிருந்துதான் மீண்டும் தொடங்கும். கார்மினில் அதைப் பாட்காஸ்ட் அல்லது ஒலிப்புத்தகக் கோப்புறையில் போட்டால் விட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். மற்ற பலவற்றில் கோப்பைத் துண்டாக வெட்டுவதைத் தவிர வழியில்லை. துண்டுகளுக்கு நடுவே ஒரு நொடி மௌனம் விழுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது உங்கள் இரண்டாவது புகார்: ஓடும்போது விட்டுவிட்டுக் கேட்பது. இதில் கோப்புக்கோ நினைவகத்துக்கோ பங்கில்லை. புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. தண்ணீர் அந்த அலையை நன்றாக விழுங்கும். நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். வாட்ச் இடது மணிக்கட்டில், ஒலியை வாங்கும் இயர்பட் வலது காதில் என்றால் அலை உங்கள் உடம்பைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். வீட்டுக்குள் சோதிக்கும்போது அறைச் சுவர்களில் பட்டுத் தெறித்து எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதே வாட்ச், அதே இயர்பட், மெரினா மணலிலோ திறந்த மைதானத்திலோ திணறும். அங்கே தெறித்துத் திரும்பச் சுவர் ஏது? “வீட்டில் நன்றாக வேலை செய்கிறது, வெளியே போனால்தான் கெட்டுவிடுகிறது” என்று கடையில் சொல்லிச் சிரிப்புக்கு ஆளானவர்கள் பலர். அவர்கள் சொன்னது முழு உண்மை.

சோதனை எளிது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒலி அறுந்தால், வாட்ச் கட்டிய கையை மார்புக்கு நேரே தூக்கிப் பாருங்கள். ஒலி உடனே சீரானால் உடம்புதான் குறுக்கே நிற்கிறது. வாட்சை மறு கைக்கு மாற்றுங்கள். அல்லது இயர்பட்டின் செயலியில் முதன்மைக் காதை மாற்ற முடியுமா என்று பாருங்கள். கழுத்தைச் சுற்றிப் போகும் பட்டை ஹெட்போன்களில் ஆன்டெனா எந்தப் பக்கம் இருக்கிறதோ, வாட்சும் அந்தப் பக்கக் கையில் இருக்கட்டும். இரண்டு இயர்பட்டும் தனித்தனியே ஒலியை வாங்கும் புதிய வகைகளில் இந்தத் தொல்லை குறைவு. இன்னொரு சாதாரணக் காரணமும் உண்டு: வீட்டு வாசலில் நிற்கும்போது இயர்பட் பழைய பாசத்தில் உள்ளே மேசைமேல் கிடக்கும் கைபேசியோடு போய் ஒட்டிக்கொள்ளும். கிளம்பும் முன் கைபேசியின் புளூடூத்தை அணைத்துவிட்டுப் போங்கள்.

பேட்டரியையும் கணக்கில் வையுங்கள். மேலே சொன்ன ஃபோர்ரன்னர் 245 மியூசிக், ஜிபிஎஸ் மட்டும் ஓடினால் 24 மணி நேரம் வரை தாங்கும் என்று கார்மின் சொல்கிறது. பாட்டும் சேர்ந்தால் 6 மணி நேரம். அதற்கு முந்திய 645 மியூசிக்கில் 14 மணி நேரம் 5 ஆகிவிடும். முழு மாரத்தானை ஐந்தரை மணி நேரத்தில் முடிப்பவருக்கு இது கத்திமேல் நடக்கும் கணக்கு. வாட்ச் இரண்டு ஆண்டு பழையது என்றால் அதுவும் இல்லை. பாட்டு முக்கியமா, ஓட்டப் பதிவு முக்கியமா என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொள்ளுங்கள். நான் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வது, முதல் பாதியைப் பாட்டில்லாமல் ஓடுங்கள், கால் கெஞ்சத் தொடங்கும் இரண்டாம் பாதிக்குப் பாட்டை வைத்துக்கொள்ளுங்கள் என்பதே.

இன்னும் வாங்காமல் இதைப் படிப்பவர்களுக்கு: இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் வாட்ச்களின் விளம்பரத்தில் ‘மியூசிக்’ என்ற சொல் பெரும்பாலும் ‘மியூசிக் கன்ட்ரோல்’ என்பதன் பாதி. கைபேசியில் ஓடும் பாட்டை நிறுத்தவும் அடுத்ததற்குத் தள்ளவும் முடியும், அவ்வளவுதான். பாட்டு வாட்சுக்குள் இருக்காது. கைபேசி சட்டைப் பையில் இருந்தே ஆக வேண்டும். ‘மியூசிக் ஸ்டோரேஜ்’ என்று தெளிவாக எழுதியிருந்தாலும் அளவு ஜிபியிலா எம்பியிலா என்று பாருங்கள். 128 எம்பி என்றால் பத்துப் பன்னிரண்டு நல்ல தரப் பாட்டோடு கதை முடிந்துவிடும். விலை எதுவானாலும் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: என் கையில் உள்ள எம்பி3 கோப்பை இதற்குள் எப்படிப் போடுவது, செய்து காட்டுங்கள். செய்து காட்ட முடியாதவரிடம் வாங்காதீர்கள்.

உங்களுக்கு என் யோசனை இது. வாட்சில் இருக்கும் எல்லாப் பாட்டையும் அழித்துவிடுங்கள். பாதி ஏறிய கோப்புகள் அங்கங்கே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். வாட்சையும் கைபேசியையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். இருநூறு வேண்டாம். நாற்பது பாட்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் வரும். நாம் ஓடுகிற ஓட்டத்துக்கு அது ஏராளம். 128 கேபிபிஎஸ் நகலாக ஒரு பிளேலிஸ்ட், வைஃபையில், சார்ஜரில், மின்விசிறிக்கடியில். கோடையில் சார்ஜும் வைஃபையும் சேர்ந்து வாட்ச் சூடானால் பாதுகாப்புக்காகச் சார்ஜ் ஏறுவதை அது தானே நிறுத்திக்கொள்ளும், தலையணைக்கடியில் வைக்காதீர்கள். இந்த நாற்பதும் ஒழுங்காக ஏறிவிட்டால் வாட்சில் குறையில்லை என்பது உறுதி. அதுவும் பாதியில் நின்றால், அப்போது கடைக்குக் கொண்டுபோங்கள்.

நீச்சலுக்கும் இதே வாட்ச் போதும் என்று நினைத்திருந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். வாட்ச் தண்ணீரைத் தாங்கலாம். புளூடூத் அலை தண்ணீருக்குள் ஒரு முழம்கூடப் போகாது. பாட்டைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, கன்னத்து எலும்பின் வழியாக ஒலியைச் சேர்க்கும் எலும்புவழி ஹெட்போன் வேண்டும். ஷாக்ஸ் ஓபன்ஸ்விம்மில் 4 ஜிபி இருக்கிறது, புளூடூத்தே கிடையாது, கணினியில் செருகினால் பென்டிரைவ் போலத் திறந்துகொள்ளும், கோப்பை இழுத்துப் போட்டால் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.